குழாயின் கைப்பிடி

பட்டறையில் எல்லோருக்கும் அவள் லேத் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த ஃபோர்மேனுக்கும் அக்காதான். அது மரியாதையா பயமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பதினெட்டு வருடமாக லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் இரும்பு கடைந்து பழம் தின்று கொட்டை போட்டவள். தான் கடைந்த இரும்புத் தண்டை, ஷாஃப்டை, திருப்பி அனுப்பிய ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பாள். தற்பெருமைதான், ஆனால் பொய் இல்லை.

அவளுக்கு வினை கூலன்ட் உருவில் வந்தது. லேத்தில் இரும்பு வெட்டுப்படும் இடம் சூடாகாமலிருக்க ஊற்றும், எண்ணெய் கலந்த பால் நிறத் தண்ணீர் அது. வருடக்கணக்கில் அதில் ஊறி அவள் விரலெல்லாம் வெடித்துவிட்டது. மகளுக்குத் தலை பின்னினால் வெடிப்பில் முடி சிக்கும். சின்னவள் வீடு இரண்டுபடக் கத்துவாள். கடைசியில் சீப்பு அப்பா கைக்குப் போனது. அந்த மனிதர் போட்ட சடை பள்ளிக்கூட வாசலைத் தாண்டாது, அதற்குள் அவிழ்ந்துவிடும். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஒண்ணு அந்தத் தண்ணிய விடுங்க, இல்ல வேலைய விடுங்க" என்றார்.

வேலையை விடுவதா? அவளா? நேரே முதலாளியிடம் போய் நின்றாள். உள்ளங்கையில் புது வெட்டுமுனை ஒன்று. நகம் அளவுதான், நான்கு மூலை, ஒன்று தேய்ந்தால் அடுத்ததைத் திருப்பி வெட்டலாம்; மேலே கருஞ்சாம்பல் பூச்சு.

"இதுக்குத் தண்ணியே வேணாம் சார். ஒரு நாள் குடுங்க. ஒரே மூலையில நாப்பது ஷாஃப்ட் கடைஞ்சு காட்டறேன். முடியலேன்னா நானே நின்னுக்கறேன்."

"ஒரு நாள்தான். நாப்பது வரலேன்னா பழைய மாதிரிதான் ஓடணும்" என்றார் முதலாளி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லேத் சுழன்றது. இரும்புச் சுருள் நீலமாகப் பறந்தது. ஃபோர்மேனுக்கு நிலைகொள்ளவில்லை.

"ஐயோ அக்கா, வேகுது! ஊத்துங்க!"

"வேகட்டும். சூடு சுருளோட போயிடும், ஷாஃப்டுல தங்காது. பேசாம பாருங்க."

பன்னிரண்டாவது ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. சுருளின் நீலம் கறுத்தது. அவளுடைய இடது கை, யாரையும் கேட்காமல், கூலன்ட் குழாயைத் திறந்தது. விழுந்தது கால் டம்ளர் தண்ணீர்கூட இருக்காது. கொதிக்கும் முனையில் திடீரென்று குளிர்ச்சி பட்டால் தாங்குமா? டிக் என்று விரிசல் விட்டது. ஷாஃப்டில் நீளமாக ஒரு கீறல். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா! சொன்னவளே கெடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தன் கையையே அறைய வேண்டும்போல் இருந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும் அக்கா. அடுத்த மூலையத் திருப்பி, பன்னெண்டுன்னு வெச்சுக்குவோம்" என்றார் ஃபோர்மேன், நல்ல மனதோடு.

"ஒரே மூலைன்னு சொன்னது நான். ஒண்ணுல இருந்து எண்ணுங்க."

முனையைத் திருப்பிப் பொருத்தினாள். பிறகு ஸ்பேனரை எடுத்துக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி, ஃபோர்மேனின் சட்டைப்பையில் போட்டாள்.

"நானே கெஞ்சிக் கேட்டாலும் குடுக்காதீங்க."

சாப்பாட்டுக்குக்கூட நகரவில்லை. கை நான்கு தடவை குழாயைத் தேடிப் போய், மொட்டைத் தண்டைத் தடவிவிட்டு வெறுங்கையாகத் திரும்பியது. அதன்பின் அதற்கே சலித்துவிட்டது போலும்.

முப்பத்தொன்பதில் சுருள் மறுபடி கறுத்தது. அவள் அசையவில்லை. பாய்ந்து வந்தது ஃபோர்மேன்தான். குழாயைத் துழாவினார்.

"கைப்பிடி எங்க? யாரு எடுத்தது?"

"உங்க பையிலதான் இருக்கு" என்றாள். பட்டறையே சிரித்தது; அவரும்தான்.

நாற்பது ஷாஃப்டும் சூடு ஆறும்வரை காத்திருந்து முதலாளி தன் கையாலேயே மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். ஒன்றுகூட அளவு தப்பவில்லை. அந்த மூலை தேய்ந்திருந்தது, உடையவில்லை. கூலன்ட் தொட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டு, "ஏதோ நின்னுக்கறேன்னு சொன்னீங்களே?" என்றார்.

"நிக்கத்தான் போறேன் சார், இதே லேத்துகிட்ட."

மூன்று மாதம் கழித்து ஒரு காலை. மகள் சீப்போடு வந்தாள். வழக்கம்போல் கை நீட்டிய அப்பாவைத் தாண்டிப் போய், அம்மாவின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். விரல்கள் முடிக்குள் போய், எங்கும் சிக்காமல் வெளியே வந்தன.

"அப்ப என் வேலை போச்சா?" என்றார் அப்பா.