செயினுக்கு எண்ணெய் விட வருகிறவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் சாப்பிடாமல்கூட மத்தியான பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போய்விட்டார். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான் — என் மனைவியின் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தேன்.

இதற்குப் போய் ஒரு மனிதர் கிளம்புவாரா என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் இருப்பது வடக்கனந்தலில். மனைவி கலையரசிக்குக் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தினமும் பைக்கில்தான் போய் வருகிறாள். ஸ்கூட்டர் இல்லை, கியர் வண்டி. வேலை கிடைத்த கையோடு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அதற்கு வருஷம் முழுக்க லீவே கிடையாது. கோடையில் புழுதி, ஐப்பசி கார்த்திகையில் மழை, கரும்பு வெட்டு சமயத்தில் டிராக்டர்கள் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போகும் சேறு, மலை ஏறினால் செம்மண்...

ஒரு பைக்கில் பெயின்ட் கண்ணில் படும், சீட் கண்ணில் படும். செயின் படாது. அது கவருக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். வாரம் தவறாமல் ஷாம்பு போட்டுக் கழுவுகிறவர்கள்கூட அந்தக் கவரைக் கழற்றிப் பார்ப்பதில்லை. உள்ளே மண்ணும் துருவும் சேர்ந்து செயினைத் தின்றுகொண்டிருக்கும். ஒருநாள் அது அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால்? அதுவும் மலை ரோட்டில், ஒரு வளைவில்?

என் மாமனார் இதையெல்லாம் யோசிக்கிறவர். மூங்கில்துறைப்பட்டுக்காரர். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, பஸ் மாறி பஸ் ஏறி வருவார். துணிப்பையில் ஒரு பாட்டில் கியர் ஆயில், கொஞ்சம் டீசல், பழைய டூத் பிரஷ், கிழிந்த பனியன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, "வண்டி எங்கம்மா?" என்பார். டபுள் ஸ்டாண்டு போட்டுக் கீழே உட்கார்ந்துவிடுவார்.

கவரைக் கழற்றுவார். டீசலில் நனைத்த பிரஷ்ஷால் அழுக்கை எடுப்பார். துணியால் துடைத்துக் காயவிடுவார். பிறகு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே, செயினின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய். இன்ஜினை ஓடவிட்டுச் செய்தால் சீக்கிரம் முடியுமே என்று ஒருதரம் கேட்டேன்.

"வெரல் போயிடுங்க மாப்ள," என்றார். அதோடு நான் கேட்பதை விட்டேன்.

எண்ணெய் விட்டதும் வண்டியை எடுக்க விடமாட்டார். "உள்ள எறங்கணும். சாய்ங்காலம் வரிக்கும் வுட்டுடணும். அப்பால மேல கீற எண்ணய தொடச்சிடணும். ஜாஸ்தியா இருந்தா மண்ணு ஒட்டிக்கும்." எண்ணெய் இறங்கும் நேரத்தில் சாப்பிடுவார். கொஞ்சம் கண் அசருவார். மகளிடம் பள்ளிக்கூடக் கதை கேட்பார். பொழுது சாயும்போது மிச்ச எண்ணெயைத் துடைத்து, செயினை விரலால் தூக்கிப் பார்த்துத் தொய்வு சரியா என்று சோதித்துவிட்டு பஸ் ஏறுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஆனால் கொஞ்ச நாளாகத் தரையிலிருந்து எழும்போது முட்டியைப் பிடித்துக்கொள்கிறார். சீட்டைப் பற்றிக்கொண்டுதான் நிமிர முடிகிறது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வயதான மனிதரை இத்தனை தூரம் வரவழைத்து வேலை வாங்குவதா? அவர் வருகிற ஞாயிறுக்கு முதல்நாளே உட்கார்ந்து, அவர் செய்கிறபடியே எல்லாவற்றையும் செய்துவிட்டேன்.

மறுநாள் வந்தார். டபுள் ஸ்டாண்டு போட்டார். கவரில் உள்ள ரப்பர் மூடியை எடுத்து விரலை விட்டார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க பண்ணது?"

"நான்தான் மாமா. உங்களுக்கு முட்டி வலி. இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம், நானே பாத்துக்கறேன்."

"நல்லா பண்ணிகிறீங்க," என்றார்.

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டிவியைப் பார்த்தார். பையைப் பிரித்து, ஆயில் பாட்டிலின் மூடியை இறுக்கி, மறுபடி உள்ளே வைத்தார். கலை சமையல்கட்டிலிருந்து வந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, கொழம்பு கொதிக்குது. சாப்ட்டு போங்க."

"இல்லம்மா. வயலுக்கு ஆளு வரேன்னு சொல்லிக்கிறாங்க. நான் போவணும்."

அவர் போன பிறகு கலை என்னிடம் கேட்டாள். "இன்னாத்துக்குங்க அத பண்ணீங்க?"

"அவருக்கு முட்டி வலிக்குதேன்னுதான்..."

"உங்கள தப்பு சொல்லல. எங்கப்பா பொண்ணு குடுத்த வூட்ல சும்மா வந்து உக்கார மாட்டாருங்க. கல்யாணம் ஆன புதுசுல எப்டி வருவாரு? வாசல்லயே நின்னுக்கினே பேசிட்டு போயிடுவாரு. அந்த செயினு இருக்கறதாலதான் சாய்ங்காலம் வரிக்கும் இருந்து சாப்ட்டுட்டு போறாரு."

உண்மைதான். அப்போதெல்லாம் "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்பார். இந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.

நம் ஊர் அப்பாக்களில் பாதிப் பேர் இப்படித்தான். உன்னைப் பார்க்க வந்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வராது. கையில் ஒரு காரணம் வேண்டும். ஒருவர் கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போக வருவார். இன்னொருவருக்கு ரேஷன் கார்டில் ஏதோ சந்தேகம் இருக்கும். என் மாமனாரின் காரணத்தை நான் பனியன் துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேன்.

அடுத்து வரவேண்டிய ஞாயிறன்று அவர் வரவில்லை. போனில் கேட்டால் வயலில் வேலை என்றார். அதற்கடுத்த முறையும் வயலில் வேலை. கலை சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அவளே போன் போட்டாள்.

"அப்பா, செயின்ல சத்தம் வருதுப்பா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். முந்தின நாள்தான் அந்த வண்டியை நான் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"இன்னா மாதிரி சத்தம்?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"மல ஏறசொல்ல கரக்கு கரக்குனு வருது."

"மாப்ள எண்ண வுட்டாரேம்மா?"

"வுட்டாரு. சரியா எறங்கல போலகீது."

என் மானம் போனது. போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டபுள் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். சக்கரம் சீராகச் சுற்றி நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடியும் அப்படியே நின்றது.

கலை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் கடையில் வாங்கி வைத்திருந்த குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலுடன் பக்கத்தில் நின்றேன். அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஸ்டூலையும் பார்த்தார்.

"ஆமாம்மா, சத்தம் வருது," என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கவரின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். எண்ணெய் இறங்க அன்றைக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. சாப்பிட்டார். தூங்கினார். கலை பள்ளிக்கூடக் கதைகளை எல்லாம் சொல்லி முடித்தாள். சாயந்திரம் அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் மெதுவாகச் சொன்னேன்.

"மாமா, பின் பிரேக்குலகூட ஏதோ இருக்கற மாதிரி தெரியுது."

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தீவிரமாக யோசித்தார்.

"அத இன்னிக்கி பாக்க முடியாதுங்க மாப்ள. பொறுமையா பாக்கணும். வர ஞாயித்துக்கெழமயே வந்துடறேன்."

பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.