வீடு: 1400 மீட்டர்

ஒடார்க்கா வசிலிவ்னாவுக்குக் கோபம் வராத நாள் ஒன்றை நான் பார்த்ததில்லை. உக்ரைனின் ஹார்கிவ் நகரில் முப்பது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவர். போர் வந்தபிறகு எங்கள் கிராமத்தின் மூடிய ரொட்டிக்கடையில் உட்கார்ந்து ட்ரோன்களைப் பழுதுபார்க்கிறார். எதிர் மேசை என்னுடையது, அதனால் திட்டில் பாதி எனக்கு.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ட்ரோன்கள் அனுப்பும் படத்துக்குப் பூட்டு கிடையாது. அதே அலைவரிசைக்குத் திருப்பினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எதிரியும் பார்க்கிறான். பூட்டுள்ள கருவிகள் படைப்பிரிவு முழுக்க நாலே நாலு. சரி, படத்தை மறைக்க முடியாது, படத்தின் மேல் எழுதுவதையாவது நிறுத்தலாமே? ஓட்டுபவரின் பட்டப்பெயர், ட்ரோன் வாங்கிக் கொடுத்த ஊரின் பெயர், ஓரத்தில் ஓர் அம்புக்குறி, அதற்குக் கீழே 'வீடு: 1400 மீட்டர்'. வீடு என்றால் பறக்கவிட்ட இடம். அங்கே மூன்று பேர் நிலவறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒடார்க்கா ஒவ்வொரு ட்ரோனிலும் அதையெல்லாம் அழித்து அனுப்புவார். கேப்டன் யரேமா திரும்பப் போடச் சொல்வார்.

"கொடுத்தவங்க பேரு வீடியோல தெரியணும் வசிலிவ்னா. இல்லன்னா அடுத்த தடவ யாரு கொடுப்பா? அந்த அம்புக்குறி இல்லாம பசங்க எப்படித் திரும்பி வருவாங்க?"

"மேப்பப் பாத்து வரட்டும். திருடனுக்கு வாசல்ல கோலம் போட்டு வழி காட்டுவீங்களா?"

"நீங்க ஒயருக்கு ஈயம் மட்டும் வைங்க."

ஈயம் மட்டும் வைக்க வேண்டுமாம்! நிலவறையில் இருக்கும் மூவரில் ஒருவன் ஒஸ்தாப், ஒடார்க்காவின் அண்ணன் மகன். அது கேப்டனுக்கும் தெரியும்.

மறுநாள் மதியம் ஒடார்க்கா தன் பழைய டிவியைத் தூக்கிக்கொண்டு கேப்டனின் அறைக்கே போனார். நான் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். குமிழை இரண்டு தடவை திருப்பியதும் திரும்பி வந்துகொண்டிருந்த எங்கள் ட்ரோனின் கண் பார்ப்பதெல்லாம் அந்த டிவியில் தெரிந்தது. அம்புக்குறி நேராக நின்றது. 900 மீட்டர், 400, 60. பிறகு ஒரு கூரை, பச்சை பூசிய அடுப்புக் குழாய், அதன் பக்கத்தில் சட்டையில்லாமல் நின்று கையசைத்த ஒஸ்தாப்.

கேப்டனின் முகம் சிவந்தது. "எங்க படத்தத் திருட்டுத்தனமாப் பாக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"எதிரி மட்டும் உங்ககிட்ட மனு போட்டுட்டா பாக்குறான்?" என்று கத்திக்கொண்டே ஒடார்க்கா கைபேசியை எடுத்தார். "டேய் ஒஸ்தாப், மூணு பேரும் இப்பவே அங்கேருந்து கெளம்புங்க."

"அடுப்புல போர்ஷ்ட் சூப்பு கொதிக்குது அத்தை."

"போர்ஷ்ட் ஆறட்டும். ஒன் ஒடம்பு ஆறிடக் கூடாது. ஓடு!"

நாற்பது நிமிடத்தில் அந்தக் கூரையில் குண்டு விழுந்தது. பச்சைக் குழாய் பக்கத்துத் தோட்டத்தில் கிடந்ததாம். மூவரும் பிழைத்தார்கள்.

'மேலதிகாரியின் முன்யோசனையால் வீரர்கள் உரிய நேரத்தில் இடம் மாற்றப்பட்டனர்' என்று அறிக்கை போனது. கேப்டனுக்குப் பாராட்டு வந்தது, ஒடார்க்காவின் டிவியைப் பறிமுதல் செய்யச் சொல்லிக் காகிதம் வந்தது. எழுத்துகளை அழிக்கச் சொல்லும் உத்தரவு மட்டும் வரவில்லை. அந்தக் காகிதத்தை ஒடார்க்கா டீக் குவளைக்கு அடியில் வைத்துக்கொண்டார். டிவியை அவர் கொடுக்கவில்லை, அதை எடுத்துப்போக வந்த சிப்பாய்க்கும் கேட்கத் துணிச்சல் இல்லை.

நாலாம் நாள் ஒஸ்தாப் குழுவினர் புதிய இடத்திலிருந்து முதல் ட்ரோனை விட்டார்கள். ஒடார்க்கா குமிழைத் திருப்பினார். வயல், தண்டவாளம், ஓரத்தில் அதே அம்புக்குறி, 'வீடு: 700 மீட்டர்'. நன்கொடை ஊரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் வேறொன்று இருந்தது: 'உயிரைக் காத்த ஒடார்க்கா அத்தைக்கு நன்றி.'

ஒடார்க்காவின் கண்ணில் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன், அதுவும் கோபத்தோடுதான் வந்தது. கைபேசியை எடுத்தார்.

"பாத்தீங்களா அத்தை?" ஒஸ்தாப் சிரித்தான். "பசங்க மூணு பேரும் சேந்து எழுதினோம்."

"பாத்தேண்டா. அவனும் பாத்துட்டான். கெளம்பு."

"ஐயோ, இப்பதான் அத்தை அடுப்பே பத்த வெச்சோம்."

"கெளம்புடா."