கழற்றிய ஒயில் சீல் நல்லாகத்தான் இருந்தது

"ஆதம்பாவா அக்சிலேட்டர மிதிச்சே என்ட மெசின ஒடச்சிப் போட்டான். இந்தச் சூடடிப்போட அவன ஊட்ட அனுப்புறன்!"

பெரிய வயல்காரரான போடியார் எங்கள் கராஜ் வாசலில் நின்று சத்தம் போட்டார். டிரைவர் ஆதம்பாவா காக்கா டிரக்டருக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். ஆறு வருடம் அதை ஓட்டியவர்; என்னை விட மூத்தவர் என்பதால் எனக்குக் காக்கா, அண்ணன். எஞ்சினை உடைத்தவன் என்ற பெயரோடு வெளியே போனால், கல்முனைப் பக்கம் எவரும் அவரை நம்பி ஒரு வண்டியைக் கொடுக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கராஜுக்கு வந்தவன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். இரும்போடு எனக்குக் கரைச்சல் இல்லை.

எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில், கிளச் பெட்டியின் அடியில் உள்ள சின்ன ஓட்டையால் ஒயில் சொட்டியது. மெல்ல மெல்லத்தான். ஆனால் சூடடிப்பில், களவெட்டியில் பரப்பிய கதிரின் மேல் டிரக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டித்தான் நெல்லைப் பிரிப்பார்கள். சொட்டுவது நேரே நெல்லில் விழும்.

கராஜ் முதலாளி ஒரு தரம் குனிந்து பார்த்தார். "பின் சீல் போயிட்டு. பொளந்து மாத்து."

பிளப்பதென்றால் டிரக்டரை நடுவில் இரண்டாகக் கழற்றுவது. இரண்டு நாள் எடுத்தது. எஞ்சின் ஒயில் வெளியே வராமல் அடைக்கும் இறப்பர் வளையம்தான் ஒயில் சீல்; பழையது கைக்கு வந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். இறப்பர் மெத்தென்று இருந்தது. வெடிப்பில்லை, தேய்வில்லை. பழுது இதில் இல்லை என்று அப்போதே விளங்கிவிட்டது. முதலாளி போடியாரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய் நின்றேன். வாய் வரவில்லை. திரும்பி வந்து புதியதைப் போட்டுப் பூட்டினேன். கராஜில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டோம். ஒரு சொட்டும் விழவில்லை.

மூன்றாம் நாள் போடியார் திரும்ப வந்தார். களவெட்டியில் பழையபடி ஒயில். முதலாளி என்னைக் கை காட்டினார். "இவன் கோணலாப் போட்டிரிப்பான். அஞ்சாம் வகுப்புதானே!"

உடம்பெல்லாம் எரிந்தது. ஸ்பானர் சாவிப் பையைத் தூக்கிச் சைக்கிளில் போட்டுக்கொண்டு நற்பிட்டிமுனைக் களவெட்டிக்குப் போனேன்.

"எப்ப இருந்து காக்கா ஒழுகுது?" என்று கேட்டேன்.

ஆதம்பாவா காக்கா பதறிப்போனார். "மெதுவா மனே! களவெட்டில அந்தக் கத கதைக்காத."

எங்கள் ஊர்ப் பக்கம் களவெட்டியில் குறையுது, ஒழுகுது, முடிஞ்சுது என்று சொல்லக்கூடாது. சொன்னால் நெல் பலன் தராது என்பார்கள். அதனால் ஒயில் இறங்குவதை எவரும் வாயில் எடுக்காமல், காலையில் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

கிளச் பெட்டியை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினேன். பவுடரில் ஈரம் ஓடிய கோட்டை வைத்து, ஒயில் வரும் இடத்தைப் பிடிக்கலாம்.

கதிர் அள்ளிக்கொண்டிருந்த ஒருவர், "மாப்புள்ளைக்குப் பவுடர் பூசுறாருடா மெக்கானிக் பாஸ்! பொண்ணு எந்த ஊராம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அரை மணித்தியாலம் ஓட்டினோம். ஈரக்கோடு சீலில் இருந்துதான் வந்தது. நானே போட்ட புது சீல். எஞ்சின் ஓட ஓட, ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தேன். குப்பென்று காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்று பிரீதர் குழாயால் வெளியே போயிருக்க வேண்டும். எஞ்சின் மூச்சு விடும் குழாய் அது. கையை விட்டுப் பார்த்தேன். அதன் வாய் ஒரு துணியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஒயிலும் தூசியும் ஏறித் தார் போல இறுகிக் கிடந்தது. மூச்சுப் போக வழியில்லாமல் எஞ்சின் ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது.

"தூசி போகாமக் கட்டச் சென்னாரு போடியார். கராஜுக்கு வாறதுக்கு முன்ன கழுவக்குள்ள அவுப்பன், இஞ்ச வந்து கட்டுவன்" என்றார் காக்கா.

கராஜில் ஏன் சொட்டவில்லை என்பது விளங்கியது. முதல் நாள் அங்கே சொட்டியது பெட்டிக்குள் தேங்கிக் கிடந்த ஒயில். துணியை அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பவுடர் தூவி ஓட்டினோம். காய்ந்தபடியே இருந்தது.

அந்த நேரம் போடியார் வந்தார். துணியைக் காட்டினேன். "நான் எங்க கட்டச் சென்னன்? இவன்ட வேலை!" என்றார்.

துணியின் உள்மடிப்பு கறுக்காமல் இருந்தது. நீலக் கோடு போட்ட சாரம், இடுப்பில் உடுத்தும் லுங்கித் துணி. அந்தச் சாரத்தின் மிச்சம் அவருடைய தோளில் கிடந்தது.

"களவெட்டில நிண்டு கெட்ட கத கதைக்க வேணாம், போ!" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "ஒழுகுது!" என்று கத்தினேன். "ஒழுகினது உங்கட சாரத்தால! இந்த மனிசன்ட கையால இல்ல!"

கதிர் அள்ளியவர்கள் அப்படியே நின்றார்கள். போடியார் தோளில் கிடந்ததை எடுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

காக்காவை அவர் அனுப்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் களவெட்டியில் சொல்லத்தகாததைச் சொன்னேன் என்று முதலாளியிடம் முறையிட்டார். முதலாளியும் அதற்குத்தான் என்னை ஏசினார். ஒயில் நின்றதைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை.

சூடடிப்பு முடிந்த பிறகு காக்கா கராஜுக்கு வந்தார். தேநீர் குடித்தபடி கேட்டார்: "மனே, அந்தப் பழைய சீல் எப்பிடி இரிந்த?"

"நல்லாத்தான் இருந்த காக்கா."

"கழட்டக்குள்ளயே தெரியுமா?"

"ஓம்."

அவர் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

ஒயில் வெளியே வரும் இடம் ஒன்று, அதைத் தள்ளிவிடும் இடம் இன்னொன்று. ஓட்டுகிறவரிடம் முதலில் கேளுங்கள். வண்டி வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். இவற்றை எந்தக் கராஜிலும் பழகிக்கொள்ளலாம். முதலாளி மேல் இருந்த கோபம் எனக்கு ஆறிவிட்டது, போடியார் மேல் இருந்ததும் ஆறிவிட்டது. நல்ல சீலைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடி நின்றவன் மேல் மட்டும் ஆறவில்லை. கையில் தெரிந்ததை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.