கொடியில் ஒற்றைச் சேலை

காலை 10 மணி. கொல்கத்தா கார்டன் ரீச்சில் அண்ணனின் ரயில்வே குடியிருப்பிலிருந்து, நாங்கள் பார்க்கப் போன கிடர்பூர் அருங்காட்சியகத்துக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. மஞ்சள் டாக்சிக்காரர் இருநூறு கேட்டு, நூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார். துறைமுக லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அப்பா என்னிடம் வாய் திறக்கவில்லை. தப்பு என்மேல்தான்.

முந்தின நாள்தான் சிவகங்கையிலிருந்து வந்து சேர்ந்திருந்தோம். அண்ணன் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஆனாலும் அப்பா வாசலில் நின்று, "வரலாமா?" என்று குரல் கொடுத்தார். ஊரில் எங்கள் வீட்டிலும் இப்படித்தான். கடைக்குப் போய்த் திரும்பினாலும் உள்ளிருந்து பதில் வராமல் படியேற மாட்டார். பயணக் களைப்பில் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னாலேயே, "பெத்த பிள்ளை வீட்டுக்கு வர யாருகிட்டப்பா அனுமதி? மானத்தை வாங்காதீங்க" என்று கத்திவிட்டேன். தொண்ணூறை நெருங்கும் மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

11 மணி. அருங்காட்சியகம் என்பது சந்துக்குள் ஒரு பழைய வீட்டின் மாடிதான். கட்டணம் இருபது ரூபாய். ஜப்பானியர் பிடியில் இருந்த பர்மாவில் சனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று, அங்கிருந்து வந்த குடும்பங்கள் கொடுத்த பொருள்களை வைத்துக் காட்டுகிறார்கள். அப்பா ரங்கூனில் பிறந்தவர். ஆறு வயதில் அந்த ஆட்சியைப் பார்த்தவர். ஆனால் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவார் என்ற ஆசையில்தான் கூட்டி வந்தேன்.

ரேஷன் அட்டை, எண்ணெய் விளக்கு, ஜப்பானியப் பாடப்புத்தகம் எல்லாவற்றையும் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்தபடி கடந்தார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கடைசியில் சாத்தியிருந்த ஒரு கதவை வழிகாட்டிப் பெண் மிட்டு திறந்தார். உள்ளே அந்தக் கால வீட்டு அறை ஒன்றை அமைத்திருந்தார்கள். பாய், மண்பானை, கொடியில் ஒரே ஒரு சேலை, மூலையில் ஒரு கோணிச்சாக்கு.

"ஆஷுன், மேஷோமொஷாய்" என்று வங்காளியில் உறவுமுறை சொல்லி மிட்டு கைகாட்டி அழைத்தார். அப்பா நகரவில்லை. அறையைப் பார்த்து, "வரலாமா?" என்றார்.

"அவங்கதான் வாங்கன்னு கூப்பிடுறாங்களேப்பா" என்றேன், இந்த முறை மெதுவாக.

"உள்ள இருக்கவங்கல்ல சொல்லணும்."

அவராகவே தொடர்ந்தார். "துணியே கெடைக்காத காலம்மா. அம்மாவுக்கும் அக்காவுக்கும் சேத்து ஒரு சேலைதான். ஒருத்தர் கட்டிக்கிட்டு வெளிய போனா, இன்னொருத்தர் சாக்கைச் சுத்திக்கிட்டு உள்ள இருப்பாங்க. ஒரு நா கேக்காம உள்ள ஓடிட்டேன். அக்கா மூலையில ஒடுங்கி அழுதுச்சு. அன்னிலேர்ந்து கேக்காம எந்த வீட்டுக்குள்ளயும் போறதில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் வீடே கூடிக் கேலி செய்திருக்கிறோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் உள்ளே போனேன். கொடியருகே நின்று, "வாங்கப்பா" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். எதையும் தொடவில்லை. சேலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

12.30 மணி. புறப்பட்டோம். அறை வாசலைத் தாண்டியதும் அப்பா திரும்பினார். "போயிட்டு வரேன் அக்கா" என்று காலி அறையிடம் சொன்னார். அப்பா நகரும்வரை திறந்திருக்கட்டும் என்று, கதவைச் சாத்த வந்த மிட்டுவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.