பூதலூரானின் நடை

அன்று காலை ஒன்பது மணிக்குக் கலியமூர்த்திக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ‘படத்துக்குத் தேதி சொல்லிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை முதல் பகுதி.’ ஒரே ஒரு டிக் விழுந்தது. டயாலிசிஸ் நாளில் போனை அணைத்து வைத்துவிடுவார் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தரை மணிக்கு அவருடைய எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது அவர் மனைவி மல்லிகா.

“விடியக்காலம்பறவே எங்கள விட்டுப் போயிட்டாங்க சார். இப்பத்தான் போனத் தொறந்தேன். நீங்க ஏதோ அனுப்பியிருக்கீங்க போலருக்கு. எனக்குக் கண்ணு தெரியல, என்னா சார் அது?”

ஒன்றுமில்லையம்மா என்றேன். நீடாமங்கலத்தில் ரயில் ஏறிப் பூதலூர் போய்ச் சேரும் வரை என் செய்திக்கு இப்போது விழுந்திருந்த இரண்டாவது டிக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நம் பள்ளி மலரைப் படிக்கும் பழைய ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அவரை நினைவிருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம் நியமித்த ஓவிய ஆசிரியராக இரண்டே ஆண்டுகள் இருந்தார். அறிவியல் வகுப்புக்கு இதயத்தையும் சிறுநீரகத்தையும் கலர் சாக்பீஸில் வரைந்து கொடுப்பார். அழிக்க மனம் வராமல் நான் பலகையின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறேன். பிறகு, மல்லிகாவைக் கட்டிக்கொண்ட கொஞ்ச நாளில், சென்னையில் ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அங்கே என்ன வேலை என்று யாரைக் கேட்டாலும் ‘பொம்மை போடறார்’ என்பார்கள். அது என்ன வேலை என்று எனக்குப் புரியவே சில ஆண்டுகள் ஆயின.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரே தாவலாகப் போய்விடலாம் என்றுதான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நினைப்பார்கள். நடுவில் ஒன்றேகாலும் ஒன்றரையும் ஒன்றேமுக்காலும் இருப்பதை நாம்தான் காட்ட வேண்டும். கார்ட்டூனும் அப்படித்தான். காலைத் தூக்கும் படத்தையும் ஊன்றும் படத்தையும் தலைமை ஓவியர் போட்டுவிடுவார். நடுவில் வரும் ஒன்றேகாலும் ஒன்றரையும் கலியமூர்த்தியின் பாடு. “எம் பேரு எதுலயும் வராது சார். நடுவுலயே இருக்கிறவன் நான்” என்பார். வருத்தமாகச் சொல்ல மாட்டார், ஊர்ப்பெயரைச் சொல்வது போலச் சொல்வார்.

அப்படி அவர் நடுப்படங்கள் போட்ட தொடர் ஒன்று. வெளிநாட்டுப் பொம்மைக் கம்பெனி ஒன்று தன் பொம்மைகளை விற்பதற்காக எடுத்த கார்ட்டூன் அது. அதில் ஒரு யானைக்குட்டி இரண்டு காலில் நின்றுகொண்டு, கழுத்தில் மேளம் மாட்டியிருக்கும். அந்தப் பொம்மைக்கு முழங்கால் கிடையாது. இடுப்பில்தான் கால் சுழலும். பொம்மை அசைவது போலத்தான் படத்திலும் அசைய வேண்டும் என்பது கம்பெனியின் கட்டளை. கடையில் வாங்கிய குழந்தை டிவியில் பார்த்தது போல அதை நடக்கவைக்க வேண்டுமல்லவா?

கலியமூர்த்தி அதை நடக்கவைத்தார். ஒரு காலை வெளியே சுற்றிக் கொண்டுவந்து மற்றக் காலுக்கு நேர் முன்னால் வைத்து, கைகளைச் சற்று விரித்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து. படம் சிவப்புப் பென்சிலில் திருத்தத்தோடு திரும்பி வந்தது. ‘இது என்ன, கயிற்றின் மேல் நடக்கிறதா? தரை அகலமாகத்தானே இருக்கிறது?’ இவருக்குக் கேள்வியே புரியவில்லை. நடப்பது என்றால் அவருக்கு அதுதான். பூதலூர்ப் பக்கம் வரப்பில் நடந்து வளர்ந்தவர், காலை வேறு எங்கே வைப்பார்? மறுபடி போட்டார், மறுபடியும் வரப்பிலேயே நடந்தது. மூன்றாம் முறை திருப்பி அனுப்ப அவர்களுக்கு நேரமில்லை. அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்த நடை பிடித்துப்போக, இனி யானைக்கு இதுதான் நடை என்று மேலிடத்திலிருந்தே தாள் வந்தது. யானையின் வெளிநாட்டுப் பெயர் ஸ்டுடியோவில் யார் வாயிலும் நுழையவில்லை. அதற்குப் ‘பூதலூரான்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “டேய் கலியமூர்த்தி, உன் பூதலூரான் வந்துருக்கான், வந்து நடக்கவுடு” என்று கூப்பிடுவார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரியும்.

பொம்மை விற்காமல் போயிற்று. தொடர் பாதியில் நின்றது, பின்னர் ஸ்டுடியோவும் மூடியது. கடைசியாக ஒளிபரப்பான பகுதியில் யானை ஒரு மரப்பாலத்தின் இந்தக் கோடியில் நிற்கும். நண்பர்கள் அந்தக் கோடியில் நிற்பார்கள். அவ்வளவுதான். கலியமூர்த்தி ஊருக்குத் திரும்பினார். குத்தகைக்கு நிலம் எடுத்தார், தனியார் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். பிறகு சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி என்றாயிற்று. பலகையில் அவர் அவ்வளவு அழகாக வரைந்த அதே சிறுநீரகம்.

சென்ற ஆண்டு அந்தச் செய்தி வந்தது. அதே தொடரை, விட்ட இடத்திலிருந்து, வேறொரு நாட்டில் வேறொரு ஸ்டுடியோ எடுக்கப்போகிறது. அதற்குப் பிறகு எங்களுக்கு அது ஒன்றே பேச்சு. ஓய்வு பெற்ற எனக்கு நேரம் இருந்தது, அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவேன். கையில் குழாய் மாட்டியபடி அவர் அந்த ஸ்டுடியோவுக்காக மனத்துக்குள்ளேயே படம் எடுத்துக்கொண்டிருப்பார். கம்ப்யூட்டரில்தான் செய்வார்களாமே, வருத்தமில்லையா என்று கேட்டேன்.

“அதுல என்ன சார் தப்பு? நாங்க மழைய கோடு கோடா இழுத்தோம், அவங்க நெசமான மழையே கொண்டாருவாங்க. பாலத்துக்கு அடியில தண்ணி ஓடும். மேளத்துல தூறல் விழுந்தா தோல் அதிரும், பாருங்க. எல்லாம் செய்யட்டும். நடைய மட்டும் மாத்தாம இருக்கணும்.”

பாலத்தைக் கடக்க அந்த நடைதான் வேண்டும் என்பது அவர் வாதம். பலகை பாதி உடைந்த பாலம். தரையில் நடப்பவனால் அதில் போக முடியாது, வரப்பில் நடப்பவனால் முடியும். அவனைத் தவிர வேறு யாராலும் முடியாது. “அதுக்காகத்தான் சார் அவன அங்க நிப்பாட்டியிருக்கு. எங்களுக்கே அப்பத் தெரியல.”

எனக்குப் புரியவைக்க ஒரு நாள் வயலுக்கு அழைத்துப்போனார். சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்த நேரம். நான் வரப்பில் பத்தடி நடந்து பதினோராவது அடியில் சேற்றில் இறங்கிவிட்டேன். மல்லிகா வாய்பொத்திச் சிரித்தார். “நீங்க கணக்கு வாத்தியாரு, நேரா போறீங்க. வரப்பு நேராவா இருக்கு?” என்றார் கலியமூர்த்தி. இந்த நடையை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, எல்லாரும் நடப்பதுதானே என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

ஸ்டுடியோவுக்கு எழுதிப் பார்க்கலாம் என்றேன். நம் பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி, நடையின் எட்டுப் படங்களைப் போட்டோ எடுத்து இணைத்து மின்னஞ்சல் அனுப்பினோம். அரை நிமிடத்தில் பதில் வந்தது. வெளியிலிருந்து வரும் கதை யோசனைகளைப் படிப்பதில்லை என்று இயந்திரம் அனுப்பிய பதில். “நான் கதையா சொன்னேன்? நடையத்தானே சொன்னேன்” என்று சிரித்தார். நான் இன்னும் நான்கு முறை அனுப்பினேன். அதே பதில் நான்கு முறை வந்தது. தெரியாதவர்களுக்குப் புரியவைப்பதே முப்பத்தைந்து வருடம் என் வேலையாக இருந்தது. யாரிடம் சொல்ல வேண்டும் என்பதே தெரியாதபோது என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முன்னோட்டம் வந்த நாளும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். ஒன்றரை நிமிடம். மழை அவர் சொன்னது போலவே இருந்தது. யானை வந்தது, மேளம் அடித்தது, ஒரு வண்டியில் உட்கார்ந்து போயிற்று. ஓர் அடிகூட நடக்கவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர், “என்னா சார், சின்னப்புள்ளையாட்டம்” என்று கிண்டல் செய்தார். கலியமூர்த்தி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “நடக்கல சார். இன்னும் நடக்கல.” அந்த ‘இன்னும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் மூன்று மாதம் இருந்தார் என்றே நினைக்கிறேன்.

கடைசியாகப் பார்த்தபோது முகம் வீங்கியிருந்தது. படம் வருவதற்குள் நான் இல்லையென்றால் நீங்கள் பாருங்கள் என்றார். அப்படிப் பேசாதீர்கள் என்று வழக்கமாக எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“பாத்துட்டு மல்லிகாகிட்ட சொல்லணும். அதுக்குக் கண்ணுல பொர விழுந்துருக்கு, செல்போன்ல தெரியாது. எப்படி நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும். உள்ளத உள்ளபடி சொல்லுங்க சார்.”

வெள்ளிக்கிழமை வந்தது. தனியாகப் பார்க்க எனக்குத் துணிவில்லை, பார்க்காமலே வைத்திருந்தேன். கருமாதி முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகு, பந்தல் பிரித்துக்கொண்டிருந்த மாலையில் மல்லிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கியது. அதே பாலம். கீழே வெள்ளம். யானை வந்து இந்தக் கோடியில் நின்றது. யானை முழங்காலை மடக்கிக் காலைத் தூக்கியது. அதற்கு முழங்கால் வைத்திருந்தார்கள். கால்களை அகட்டி வைத்து, கடைத்தெருவில் போவது போலப் பாலத்தின் மேல் போயிற்று. பாலத்தையும் அகலமாக்கியிருந்தார்கள். பலகை எதுவும் உடைந்திருக்கவில்லை.

“நடக்குதா சார்?”

“நடக்குதும்மா.”

“எப்படி?”

பொய் சொல்லிவிடலாம். மல்லிகாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி என்று கலியமூர்த்தி சொல்லியிருந்தார். எல்லாரையும் போல நடக்கிறது, தரையில் நடப்பது போல என்று சொன்னேன். மல்லிகா போனை என் பக்கம் நகர்த்தினார். பிறகு என்னைத் தேற்றுகிறவர் போலச் சொன்னார்:

“அப்ப அது வேற ஊரு யானை சார். விடுங்க.”

உள்ளே போய் ஒரு ரப்பர் பேண்ட் போட்ட தாள்கட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். உங்களிடம் இருக்கட்டும் என்று அவர் சொல்லிவைத்தாராம். பிறகு, கொல்லை வயலில் மடையை அடைக்க வேண்டும், தண்ணீர் அதிகமாகப் போகிறது என்று சொல்லி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்பில் ஏறினார். வலது காலை வெளியே சுற்றிக் கொண்டுவந்து இடது காலுக்கு நேர் முன்னால் வைத்தார். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மண்வெட்டி இல்லாத கை சற்று விரிந்தது. முழங்கால் மடங்கவே இல்லை. கண் சரியாகத் தெரியாதவர், காலைக்கூடப் பார்க்காமல், வளைந்த வரப்போடு வளைந்து மடை வரைக்கும் போனார். எல்லாரும் நடப்பதுதானே என்று சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. வேறு யாரும் வரப்பில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. இது மல்லிகாவின் நடைதானே கலியமூர்த்தி என்று கேட்க வேண்டும். கேட்க அவர் இல்லை. மல்லிகா குனிந்து மடையை அடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாள்கட்டு என் மேசையில் இருக்கிறது. கட்டைவிரலால் வேகமாகப் புரட்டினால் பூதலூரான் வரப்பில் ஆறு அடி நடக்கிறான். அதோடு தாள் தீர்ந்துவிடுகிறது. நான் மறுபடி முதல் தாளுக்கு வந்து புரட்டுகிறேன்.