பனை உச்சியில் பார்த்த எரிநட்சத்திரங்கள்

சிதறால் ஊர்ப் பனையேறி ரசலையன் ஐந்து வருடமாக விடியுமுன் மரம் ஏறியதில்லை. 1927 மே மாதம் ஒரு வைகறையில், பனை உச்சியில் இருந்தபோது ஒரு நட்சத்திரம் எரிந்து விழுவதைப் பார்த்தான். நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உயிர் ஒன்று போகும் என்பது ஊர்ப்பேச்சு. அவன் வாய் திறப்பதற்குள் பக்கத்து மரத்திலிருந்த அண்ணன் யோவான் வழுக்கி விழுந்து இறந்துபோனான்.

"நான் பாத்திருக்கப்பிடாது" என்பான் ரசலையன். அதன்பின் வெளிச்சம் வந்தபிறகே ஏறினான். அதற்குள் கலயத்தில் அக்கானி என்கிற பதநீர் புளித்துவிடும்; காய்ச்சினால் கருப்பட்டி உறையாது.

அவன் மனைவி பூங்கனி கிறிஸ்தவ சபையின் பெண்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றிருந்தாள். 1932 ஏப்ரலில் ஒரு பழைய பத்திரிகையோடு வந்து நின்றாள்.

"இஞ்ச கேளுங்க. விழுறது நட்சத்திரமே இல்லியாம். மணல் தரி அளவு தூசியாம். காத்துல ஒரசி எரியுதாம். தொள்ளாயிரத்துப் பத்தாம் வருசம் வால்நட்சத்திரம் வந்துச்சே, அது கொட்டிட்டுப் போன தூசி. வருசாவருசம் மே மாசம் பூமி அதுக்குள்ள நுழையுமாம்."

"வெளக்குமாறு மாதிரி நின்னுச்சே, அதா?"

"அதுதான்."

"அப்ப அண்ணன்?"

"மொதநாள் மழையில மரம் வழுக்கிக் கெடந்துது. அத ஒருத்தரும் பேசல. நீங்க பாத்ததால ஒண்ணும் நடக்கல."

அன்று ரசலையன் சோறு தின்னவில்லை.

மே முதல் வாரம், நிலா இல்லாத ஒரு வைகறையில் அவனாகவே எழுந்து இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டினான். பூங்கனி மரத்தடியில் நின்றாள். உச்சியில் உட்கார்ந்ததும் ஒரு கோடு எரிந்து மறைந்தது. பனைமட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். சுற்றிலும் ஓசையில்லை, யாரும் விழவில்லை. இன்னொன்று. பிறகு இன்னொன்று.

ஏழாவதைப் பார்த்தபோது, பத்திரிகையிலிருந்து பூங்கனி வாசித்துச் சொல்லாத ஒன்று அவனுக்குப் புலப்பட்டது.

"ஏட்டி! எல்லாம் ஒரே இடத்திலேருந்து வருதுட்டி! கிழக்க, அந்தத் தாழ்ந்த மூலையிலேருந்து!"

அடுத்த விளையின் பனை உச்சியிலிருந்து இன்னொரு பனையேறி தாணுலிங்கம் சத்தம் போட்டான்: "ஏலே, அதப் பாக்காதலே!"

"பாருலே மக்கா, ஒண்ணும் செய்யாது. வெறும் தூசி!"

விடிந்து இறங்கியபோது ரசலையனின் கணக்கு பத்தொன்பது. தாணுலிங்கம் வேலியோரம் வந்து நின்று, தயங்கித் தயங்கி, இருபத்திரண்டு என்றான். அடுப்பில் அக்கானி கொதிக்கும்வரை இருவரும் அதற்காகச் சண்டை போட்டார்கள்.