நூறு படிக்கு ஓர் இடமாற்றம்

அந்த நாற்காலி எழுப்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த கல்லூரியில் நான் கணினி மையப் பொறுப்பாளராக இருந்தேன். ஆராய்ச்சிக் கூடத்தில் நான்கு நாற்காலிகள். ஒன்று ஏசிக்கு நேர் கீழே. அதில் உட்கார்ந்தால் மே மாதத்திலும் துப்பட்டாவைக் காதில் சுற்றிக்கொள்ள வேண்டும். கடைசியாக இருந்தது மேற்கு ஜன்னலோரம். மதியத்துக்கு மேல் அதன் ரெக்சின் வியர்வையில் ஒட்டிக்கொண்டு, எழும்போது தோலை உரிப்பதுபோல் சத்தமிடும். துறைத்தலைவர் மாணவர்களை வாராவாரம் இடம் மாற்றுவார். நாற்காலி மட்டுமல்ல, வேலையும் மாறும். ஒருவர் பாதி எழுதிய நிரல் அடுத்தவருக்கு, அடுத்தவர் தொடங்கிய கணக்கு இவருக்கு. "ஒரே எடத்துல உக்காந்தா மூளை துருப்பிடிச்சுடும்ப்பா" என்பார். யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்ப்பது ஆண்டுக்கு ஒருமுறை, ஆய்வுக் கூட்டத்தில். இதற்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை. ஆனால் விதிப்புத்தகம் அவர் அலமாரியில்தான் இருந்தது.

கணினிக்கும் அவர் அதே முறையைத்தான் வைத்திருந்தார். ஒரு புரதம் எப்படிச் சுருள்கிறது என்று கணினிக்குள் நடத்திப் பார்ப்பது அங்கே நடந்த வேலை. குளிரில் புரதம் ஏதாவதொரு பள்ளத்தில் விழுந்து அங்கேயே கிடக்கும். சூட்டில் கட்டற்றுத் துள்ளும். ஆகவே ஒரே புரதத்தின் பல பிரதிகளை வெவ்வேறு சூட்டில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அவ்வப்போது பக்கத்துப் பக்கத்துப் பிரதிகளின் சூட்டை மாற்றிவிடுவார்கள். குளிரில் சிக்கியது சூட்டுக்குப் போய் விடுபட்டு வரும். கணினி இதை நொடியின் மிகச் சிறு துண்டுகளாக, படிப்படியாக நகர்த்தும். தொடங்குமுன் இரண்டு எண்களைத் தீர்மானிக்க வேண்டும். எத்தனை படிக்கு ஒருமுறை இடமாற்றம், எத்தனை படிக்கு ஒருமுறை படம் எடுத்துச் சேமிப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். சேமிப்புக் கோப்புகள் சூட்டின்படி பிரிந்திருக்கும். ஒரு பிரதி போன வழியைக் காண, இடமாற்றப் பதிவை வைத்துக்கொண்டு படங்களைத் தேடித் தைக்க வேண்டும். துறைத்தலைவர் நூறு படிக்கு ஓர் இடமாற்றம் வைத்தார். போன சூட்டுக்குப் பிரதி பழகுவதற்குள் திரும்ப அனுப்பிவிடுவார்கள். படமோ லட்சம் படிக்கு ஒன்று. டிஸ்க் நிரம்பிவிடுமாம்.

ஆராய்ச்சி மாணவி நசரத்பேட்டையில் பல தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பத்துப் பெண். அப்பா நிலத்தை விற்றுவிட்டு மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் பதிவுக் காலம் முடிந்து, கடைசி நீட்டிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. கையில் மிச்சமிருந்தது கணினியில் ஒரே ஓட்டம். மழைக்காலம் முழுவதையும் அது விழுங்கும். ஆய்வேட்டின் கேள்வியே அந்தப் புரதம் எந்த வழியாகச் சுருண்டது என்பதுதான். ஆயிரம் படிக்கு இடமாற்றம், அதே ஆயிரத்துக்கு ஒரு படம், சுற்றியிருக்கும் தண்ணீரை விட்டுவிட்டுப் புரதத்தை மட்டும் சேமித்தால் டிஸ்க்கும் போதும் என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டுத் துறைத்தலைவரிடம் எடுத்துப் போனாள். சரியான கணக்கு. நானும் அவரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க ஏசியைப் பாத்துக்குங்க. துறை விஷயம் துறைக்குத் தெரியும்."

ஓட்டம் அவர் வைத்த எண்களிலேயே நடந்தது. மழைக்காலம் முடிந்தது. ஆய்வுக் கூட்டத்துக்கு வெளியூர் நிபுணர் ஒருவர் வந்திருந்தார். மாணவி விரிந்த புரதத்தின் படத்தைக் காட்டினாள். அடுத்து சுருண்ட புரதத்தின் படம். வந்தவர் நல்ல மனிதர், தலையாட்டிக்கொண்டிருந்தார். துறைத்தலைவர்தான் முந்திக்கொண்டு, மிகவும் கனிவான குரலில் கேட்டார்.

"நடுவுல உள்ள படம் எங்கம்மா?"

அவள் அவரையே பார்த்தாள். இல்லை சார் என்றாள். ஏன் இல்லை என்றார். நீங்கள் வைத்த எண் சார் என்று அவள் தொடங்கியதும், வந்தவரிடம் திரும்பி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அடிப்படையையே பார்ப்பதில்லை, இரண்டு படத்துக்கு நடுவில் ஆயிரம் இடமாற்றம் இருக்கிறது, எந்தப் பிரதி எங்கே போனதென்று எப்படிச் சொல்வது என்று விளக்கினார். அவள் அவரிடம் சொன்ன அதே விளக்கம், அவள் சொன்ன வரிசையிலேயே. நீட்டிப்பு முடிந்தது, பதிவு ரத்தானது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. எந்த விதியும் மீறப்படவில்லை என்று நானே சான்று சொல்வேன்.

ஒரு வாரம் கழித்து அவள் அப்பா மையத்து வாசலில் வந்து நின்றார். "இன்னா சார், பொண்ணு பாசா பெயிலா? ஊட்ல வாயே தொறக்க மாட்டேங்குது." இரண்டும் இல்லை என்றேன். "அப்ப இத்தினி வருசம் இங்க இன்னாதான் பண்ணிகினு இருந்துச்சு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் யாருடைய மருத்துவ பில்லையோ சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஓய்வுக்குப் பிறகு நான் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடக்கிறேன். துறைத்தலைவரின் மகனுக்கும் அங்கேதான் ஃபிளாட், சில நாள் என்னோடு நடக்க வருவான். மனைவி போன பிறகு துறைத்தலைவர் ஒரு வாரம் மகனிடம், ஒரு வாரம் பூந்தமல்லியில் மகளிடம். ஞாயிறு மாலை மாப்பிள்ளையின் கார் வரும். பெட்டியைத் திறந்து அடுக்குவதையே விட்டுவிட்டார். போன ஞாயிறு என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். மேற்கு பார்த்த பால்கனியில், மகன் கழித்துப்போட்ட ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மகனுக்கு மீட்டிங் என்று கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"நீங்க சொன்னா பையன் கேப்பான். ஒரு மூணு மாசமாவது ஒரே எடத்துல வச்சிருக்கச் சொல்லுங்களேன். எந்த ஊட்ல மாத்திரை போட்டேன்னுகூட மறந்துபோகுது. யாரும் கேக்கறதும் இல்ல."

நசரத்பேட்டைப் பெண்ணை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். புரதம், மழைக்காலம், நடுவில் இல்லாத படம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் பொண்ணு?" என்றார்.

அதுவரை எனக்குள் கொஞ்சம் இரக்கம் இருந்திருக்கலாம். "இது குடும்ப விஷயம் சார். நான் ஏசி பாக்கற ஆளு" என்றேன். கீழே கார் ஹாரன் அடித்தது. பெட்டியை எடுக்க அவர் எழுந்தபோது, முதுகிலிருந்து ரெக்சின் மெதுவாக உரிந்து வரும் சத்தம் கேட்டது.